இருபத்திமூன்றாவது கோரிக்கை

சென்ற மாதம் ஸ்வப்னா எனக்கு அனுப்பிய கூட்டக் குறிப்பு நாற்பத்தொரு பக்கம் இருந்தது. நான் ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். ஊதியப் பேச்சுவார்த்தையை இப்போது கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம். பேசுவதையெல்லாம் ஒரு மென்பொருள் தானாகவே எழுதிக்கொள்கிறதாம். அது எழுதியதில் "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பது பக்கத்துக்கு ஒருமுறை வருகிறது. சங்கத் தலைவர் ஒருவர் தன் வீட்டாரிடம் குக்கரை அணைக்கச் சொன்னது வருகிறது. மைக் அணைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிர்வாகத் தரப்பில் ஒருவர் சங்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லும் வருகிறது.

"அக்கா, இதுல எதை மினிட்ஸ்ல போடறது, எதை விடறது?" என்று ஸ்வப்னா தொலைபேசியில் கேட்டாள்.

"எல்லாம் நடந்ததுதானே?"

"அதான்கா பிரச்சினையே."

அவளுக்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. சொல்லி முடித்தபோது, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நம் செகந்திராபாத் தமிழர்களின் ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதி ஒன்று உண்டல்லவா, அதற்கு எழுதித் தரட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது ரிட்டயர் ஆனவங்க எழுதறதும்மா."

"நானும் ரிட்டயர் ஆனவதான் சார்."

எனக்கு முப்பத்தாறு வயது. பேகம்பேட்டில் தலைமை அலுவலகம் இருந்த ஓர் அரசுக் கழகத்தில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். கழகத்தின் பெயர் வேண்டாம். ஆட்களைக் குறைப்பதற்காக விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தபோது, பத்தாண்டு முடித்தவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதைக் கோப்பில் வைக்க வேண்டியவள் நான். வைத்துவிட்டு எனக்கும் ஒரு படிவம் எடுத்துக்கொண்டேன். இப்போது தார்நாகாவில், அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவளிடம் அரசு வேலைக்குப் போகப் படிக்கிறார்கள். இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பலமுறை முயன்றுவிட்டேன். அப்பா மோண்டா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா கூட்டிப் பெருக்கினாள். லாலாகூடாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், பத்து வயதிலிருந்தே தெருவுக்கெல்லாம் மனு எழுதுவேன். ரேஷன் கார்டு, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுக்காரனின் சேவல். எனவே அரசாங்கம் என்னைக் குறிப்பெழுதும் வேலைக்கு எடுத்தபோது, தகுதியான ஆளைத்தான் எடுத்திருக்கிறது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தேர்வு, பயிற்சி, மூன்று மாதம் தபால் பிரிவு. அதற்குப் பிறகு என்னைப் பணியாளர் பிரிவில் ரமணய்யா சாரிடம் அனுப்பினார்கள்.

அவர் அந்தப் பிரிவின் பொது மேலாளர். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சங்கத்தோடு சம்பளம் பேசுவதுதான் அவர் வேலையின் பெரும்பகுதி. மற்ற மூன்று ஆண்டும் அதற்காக ஓய்வெடுப்பார் என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். பேச்சுவார்த்தையில் அவர் ஒருநாளும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எண்ணையும் வாயால் சொல்ல மாட்டார். அடிப்படைச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஏற்றுவது என்ற கட்டம் வந்ததும், ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி மேசையின் குறுக்கே தள்ளுவார். எதிரில் இருப்பவர் பார்ப்பார். பார்த்த உடனே சார் காகிதத்தைத் திரும்ப இழுத்து, ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, அதே இடத்தில் அடுத்த எண்ணை எழுதுவார். ஒரே துண்டுக் காகிதத்தில் ஒரு முழுப் பேச்சுவார்த்தையும் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்தக் காகிதம் துணிபோல ஆகியிருந்தது.

முதல் கூட்டத்தில் நான் அந்த எண்ணையெல்லாம் எழுதிக்கொண்டேன். சார் என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பேனால எழுதினா அது கவர்ன்மென்ட் சொன்னதும்மா. பென்சில்ல எழுதினா யாரும் சொல்லாதது. யாரும் சொல்லாததை நீ ஏன் எழுதற?"

எழுதுவதில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் கறாரானவை. குறிப்பு நோட்டின் பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் அச்சடித்திருக்க வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அடித்தால் அடித்தது தெரிய வேண்டும். எந்தத் தரப்பு சொன்னது என்று எழுத வேண்டும், எந்த ஆள் என்று எழுதக் கூடாது. ஒரு விதியை மட்டும் அவர் விரலை மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். எப்போதோ ஒரு பெரிய அதிகாரி கூட்டத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நடுவில் எழுந்து போய், பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கைவிரித்து, பழியெல்லாம் சாரின் தலையில் விழுந்ததாம்.

"அறையை விட்டு யார் எழுந்து போனாலும் சரி, அவங்க பேச்சு முடியற இடத்துக்குக் கீழ இனிஷியல் வாங்கிடு. மந்திரியா இருந்தாலும் நோட்டை நீட்டு."

பதினோரு மந்திரிகள் வந்தாலும் நீட்டுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒருவரும் வரவில்லை.

பேச்சுவார்த்தை அறை நான்காம் மாடியில் இருந்தது. நிர்வாகம் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும், சங்கத்தின் கண்ணில் வெயில் அடிக்கும். திரைச்சீலை வாங்க வேண்டும் என்று இரண்டு ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறேன். எதிரில் நடுவில் யாதகிரி அண்ணா. சங்கத்தின் பொதுச் செயலாளர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், கழுத்தில் சிவப்புத் துண்டு. என்னைச் "செல்லெம்மா" என்று கூப்பிடுவார், தெலுங்கில் தங்கை. நான்கு வார்த்தை பேசினால் அதில் தெலுங்கு, ஹிந்தி, உருது மூன்றையும் கலந்து அடிப்பார். இங்கே நான் அவர்கள் பேச்சைத் தமிழில்தான் தருகிறேன், குரலை எழுத வழியில்லை.

மேசையில் வைக்கும் தின்பண்டத்தைப் பார்த்தே பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முதல் நாள் க்ரீம் பிஸ்கட். இழுபறியானால் உப்பு பிஸ்கட். சமோசா வந்தால் கையெழுத்து. வெளிநடப்பு மூன்றாம் அமர்வில். அதற்கு முந்தைய நாள் சார் தொலைபேசியில் கேட்பார்.

"ஏமய்யா யாதகிரி, நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே முக்காலுக்கு வெச்சுக்கலாம் சார். அதுக்கு மேல போனா பசங்களுக்குப் பசிக்கும்."

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு யாதகிரி அண்ணா மேசையைக் குத்தி எழுவார், எல்லோரும் கோஷம் போட்டுக்கொண்டு வெளியேறுவார்கள். அடுத்த அறையில் சாப்பாடு தயாராக இருக்கும். நான் "சங்கத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறியது" என்று எழுதுவேன். அந்த வரியை முதல் நாள் மாலையே எழுதி வைத்திருப்பேன்.

இதெல்லாம் நாடகம் என்று முதல் ஆண்டில் எனக்கு ஏளனமாக இருந்தது. பிறகு புரிந்தது, கோஷம் போடுகிற ஆட்களுக்கும் தலைமைச் செயலகத்தில் இருக்கிற அரசுக்கும் காட்ட இரண்டு பேருக்கும் அது தேவை. அந்த நாடகத்துக்கு நடுவே உண்மையாகவே சம்பளம் ஏறியது. ஏறியவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஏறாதவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சங்கம் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் முப்பது இருக்கும். முதல் பதினைந்து வாங்குவதற்கு. மீதி விட்டுக்கொடுப்பதற்கு. இது இரண்டு தரப்புக்கும் தெரியும். ஃபிட்மென்ட்டில், அதாவது அடிப்படைச் சம்பள ஏற்றத்தில், அரை சதவீதம் கூட வேண்டுமென்றால் சங்கம் பின்னாலிருந்து இரண்டு கோரிக்கையைக் கைவிடும். சார் பெருமூச்சு விட்டு, பென்சிலை எடுப்பார். கைவிட்டதை நான் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் எழுதுவேன். தமிழில் ஒரே சொல் போதும்: வலியுறுத்தப்படவில்லை.

பழைய பட்டியலைப் பார்த்துத்தான் புதிய பட்டியலை எழுதுவார்கள் என்பதால், விட்டுக்கொடுக்கும் கோரிக்கைகளுக்கு எண்கூட மாறாது. இருபத்திமூன்றாவது எப்போதும் இதுதான்: ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்குக் கூலியுடன் வார விடுமுறை.

அந்தப் பெண்கள் கழகத்தின் ஆட்கள் அல்ல, காண்டிராக்டரின் ஆட்கள். வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. எனவே ஞாயிற்றுக்கிழமையும் வந்து, யாரும் இல்லாத ஐந்து மாடியைக் கழுவிவிட்டுப் போவார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா.

நான் இதை மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூன்றாம் மாடிப் படியில் அவள் ஈரத்துணியோடு நின்றபோது, நாலு பேர் பார்க்க "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என் பெருமைக்கு அது தேவையாக இருந்தது. அன்று வீட்டில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீஸ்ல என்னை அம்மான்னு கூப்பிடாத, நக்கோ, வேணாம்."

"கூப்பிட்டா என்ன? எனக்கென்ன வெக்கமா?"

"உனக்கு இன்னாடி வெக்கம். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, 'கைக்கு, ஏன் உன் பொண்ணு மெரட்றா?'ன்னு கேக்குறான். நான் உன்னை மேடம்னு கூப்பிடறேன். நீ உன் ஜோலியைப் பாரு."

அப்படித்தான் பன்னிரண்டு ஆண்டு என் அம்மா என்னை மேடம் என்று கூப்பிட்டாள். என் வாழ்க்கையில் நான் தோற்ற முதல் பேச்சுவார்த்தை அது.

என் முதல் ஒப்பந்தத்தின்போது, இருபத்திமூன்றாவதைக் கைவிட்ட பிற்பகலில், அவள் அந்த அறைக்கு வெளியே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாலையில் ரயிலில் வீடு திரும்பும்போது கேட்டாள்.

"எங்க விஷயம் பேசுனாங்களா?"

"பேசினாங்கம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"அடுத்த தடவை பாக்கலாம்னாங்க."

"ஹவ், ஆமா, பாப்பாங்க பாப்பாங்க" என்று சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

நான்கு ஆண்டு கழித்து இரண்டாவது ஒப்பந்தம். அதே எண், அதே சொல், என் கையெழுத்து மட்டும் இன்னும் அழகாகியிருந்தது. அந்த முறை அவள் கேட்கவில்லை.

மூன்றாவது ஒப்பந்தத்தில்தான் அபிஷேக் சார் வந்தார். நிதித்துறையின் பிரதிநிதியாக ஒருவர் ஒவ்வொரு முறையும் வருவார், முதல் அமர்வில் உட்கார்ந்திருப்பார், டீ குடிப்பார், "நிதிநிலை இடம் கொடுத்தால்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். அபிஷேக் சார் வடக்கிலிருந்து வந்த இளம் அதிகாரி. பதவிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் ஒரு பெரிய தவறு செய்தார். கோப்பைப் படித்துவிட்டு வந்தார்.

பட்டியல் முழுவதிலும் வண்ண வண்ணமாகக் கோடு போட்டிருந்தார். க்ரீம் பிஸ்கட்டைத் தொடவில்லை. யாதகிரி அண்ணா தொண்டையைச் செருமித் தன் வழக்கமான முதல்நாள் உரையைத் தொடங்கப் போனபோது, அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு கூட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தொடங்குவோம். இருபத்திமூன்றாவதைப் பார்த்தேன். வாரத்தில் ஒருநாள் கூலியோடு விடுமுறை கொடுப்பதில் பேச என்ன இருக்கிறது? இத்தனை ஆண்டு கொடுக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். ஏற்கிறோம். அடுத்தது?"

இரண்டு தரப்பும் பட்டியலை எடுத்து இருபத்திமூன்றைத் தேடின.

முதலில் வாய் திறந்தவர் யாதகிரி அண்ணா.

"சார், அது... அவ்வளவு அவசரமில்லை சார். கடைசியில பேசிக்கலாம்."

"உங்கள் கோரிக்கைதானே?"

"எங்க கோரிக்கைதான் சார்."

"ஏற்றுக்கொண்டேன் என்கிறேனே."

"அதான் சார், இப்பவே ஏத்துக்க வேணாம்னு சொல்றேன்."

அபிஷேக் சார் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். மொழி சரியாகப் புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் மறுபடி அதையே சொன்னார்: இருபத்திமூன்று, ஏற்கப்பட்டது. ரமணய்யா சாரின் கை பையில் இருந்த பென்சிலுக்குப் போய், எடுக்காமல் அங்கேயே நின்றது.

நான் எழுதினேன். அரசுத் தரப்பு: கோரிக்கை 23 ஏற்கப்பட்டது.

இன்னும் இரண்டு கோரிக்கைகளைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, பதினொன்றரைக்கு அவர் எழுந்தார். நான் நோட்டை நீட்டினேன். வழக்கம் அதுதான். என் கை வழக்கத்தைவிடச் சற்று வேகமாக நீண்டதா என்று கேட்டால், நீண்டது. எழுந்து வரும் மனிதர் வாசலை அடைவதற்குள் நான் மேசையைச் சுற்றி வந்து நின்றிருந்தேன்.

"இது என்ன?" என்றார்.

"நடைமுறை சார். உங்க பேச்சு முடியற இடத்துல இனிஷியல்."

"நல்ல நடைமுறை" என்று படித்துப் பார்த்து, நீல மையில் போட்டார். தேதியும் நேரமும்கூடப் போட்டார்.

அவர் போனதும் சார் பத்து நிமிட இடைவேளை அறிவித்தார். வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் அவரும் யாதகிரி அண்ணாவும் நின்று பேசியதைப் போல, இரண்டு தரப்பும் ஒரே மனதாகப் பேசி நான் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை. தண்ணீர் பிடிப்பதற்காகத்தான் போனேன். பாட்டில் நிறைந்தும் நின்றேன்.

"என்ன சார் இது? உங்க ஆள் இப்படிப் பண்ணிட்டாரு?"

"என் ஆளா? அவன் ஆறு மாசத்து ஆபீசர். நீ ஏன்யா அதைப் பட்டியல்ல வெச்சே?"

"எப்பவும் இருக்கறதுதானே சார்! இப்ப நான் ஃபிட்மென்ட்டுக்கு எதை விட்டுக் கொடுப்பேன்? நிரந்தர ஆளுங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"எனக்கு மட்டும்? அந்தப் பொம்பளைங்க பேரு நம்ம ஒப்பந்தத்துல ஏறிச்சுன்னா, நாளைக்கே நாங்களும் கழகத்து ஆளுன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. பதில் யார் சொல்றது?"

"அப்ப எடுத்துடுங்க சார்."

"நீ எடுக்கச் சொல்லு, நான் எடுக்கறேன்."

"நான் எப்படி சார் சொல்றது? தலைவனே வேணாம்னான்னு ஆகிடாதா?"

எதிரெதிரே இருபது ஆண்டு உட்கார்ந்தவர்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அபிஷேக் சாரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது. அந்தக் கோரிக்கை ஏற்பதற்காக எழுதப்பட்டதல்ல என்று அரசிடம் எந்த வாயால் சொல்வது? அவர் இந்தக் கூட்டத்துக்குத் திரும்ப வரப் போவதுமில்லை. எனவே இறுதிக் குறிப்பில் வழக்கமான சொல்லைப் போட்டுவிட்டால், இரண்டு பேரும் கையெழுத்திடுவார்கள். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் என்றால், என்னைத் தவிர.

மாலை நான்கு மணிக்குச் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஒன்பது ஆண்டில் அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு நோட்டைக் கொண்டா."

கொடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நீல இனிஷியலைப் பார்த்தார்.

"யார் வாங்கச் சொன்னது இதை?"

"நீங்கதான் சார். மந்திரியா இருந்தாலும்னு."

அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்தார். துண்டுக் காகிதத்தில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதி, என் பக்கம் தள்ளினார். ஒன்பது ஆண்டாக மேசையின் குறுக்கே அந்தக் காகிதம் போவதைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தவள் நான். நேராக வருவதை அன்றுதான் பார்த்தேன்.

"சார், பேஜ் நம்பர் இருக்கு. கிழிக்க முடியாது."

"கிழிக்கச் சொல்லல. நோட்டு நோட்டாவே இருக்கட்டும். மினிட்ஸ் நீ தனியாத்தானே டைப் பண்ணுவ? அதுல இப்படிப் போடு."

அவர் குரலை இறக்கினார்.

"உங்கம்மாவும் அதுல வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது தோண்டினா, பொண்ணு எழுதி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தான்னு சொல்ல மாட்டாங்களா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இனிஷியல் போட்டது எங்கம்மா இல்லையே சார். அவங்களுக்குக் கையெழுத்தே வராது."

இதைச் சொன்னபோது எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்திருந்தது. அடுத்துச் சொன்னதை நான் யோசித்துச் சொல்லவில்லை. காகிதத்தைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

"பேனால எழுதிக் கொடுங்க சார். போட்டுடறேன்."

வராந்தாவில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. என் அம்மாவாக இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். சார் காகிதத்தைப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்த்தார். இரண்டு பேனாவும் அங்கேதான் இருந்தன. பிறகு ரப்பரை எடுத்து, எழுதியதை அழித்து, தூளை ஊதினார்.

"போம்மா" என்றார்.

நான் நோட்டில் இருந்தபடியே தட்டச்சு செய்தேன்.

விட்டுக்கொடுக்க ஒன்று குறைந்துபோன யாதகிரி அண்ணா, அடுத்த அமர்வுக்கு நான்கு புதிய கோரிக்கைகளோடு வந்தார். சங்க அலுவலகத்துக்கு ஏசி. ஊழியர்களுக்குக் கிரிக்கெட் மைதானம். மற்ற இரண்டையும் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் நான்கையும் மிகுந்த வருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார். ஃபிட்மென்ட் ஏறியது. வெளிநடப்பு பன்னிரண்டே முக்காலுக்கு நடந்தது. சமோசா வந்தது. இருபத்திமூன்றாவது கோரிக்கை ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேரும் கீழே பேனாவில் கையெழுத்திட்டார்கள்.

மறுவாரம் என்னைத் தரைத்தளத்தில் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவும் பேனாவில்தான் இருந்தது. விருப்ப ஓய்வு வரை மூன்று ஆண்டு அங்கேயே இருந்தேன். ஒன்பது ஆண்டாக நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. தூசி தட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்தேன். யாருமே திறந்து பார்க்காத அலமாரியை நான் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததைப் பார்த்து அம்மா ஒருநாள் சொன்னாள், "மேடம், எங்க சாதிப் புத்தி உங்களுக்கும் வந்துடுச்சு." துடைக்கிற சாதி என்றாள். சிரித்தாள்.

ரமணய்யா சார் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் அவருடைய சாதனைகளை ஒருவர் வாசித்தார். ஒப்பந்தப் பெண்களின் வார விடுமுறை மூன்றாவதாக வந்தது. நான் கைதட்டினேன். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு நான் பேனால எழுதிக் கொடுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பொய் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை.

"மாத்திப் போட்டிருப்பேன் சார்."

"தெரியும். அதான் எழுதல" என்றார். தயிர்ச்சாதத்தில் ஊறுகாயை வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அதை உண்மையாகச் சொன்னாரா, சாதனைப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யாதகிரி அண்ணாவுக்கு அந்த ஆண்டு பெண்கள் எல்லாம் சேர்ந்து விழா எடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓர் ஆள் உயர ரோஜா மாலை வாங்கியிருந்தார்கள். அதைக் கழுத்தில் போட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி என் அம்மா. அவர் பேசினார்: "இருபது வருஷம், ஒவ்வொரு பட்டியல்லயும் இதை எழுதினேன். ஒருநாளும் எடுக்கல!" அது உண்மைதான். நான் சரிபார்த்திருக்கிறேன். என்னைக் கூட்டத்தில் பார்த்ததும் மேடையிலிருந்தே கை கூப்பினார். அந்தக் கும்பிடில் என்ன இருந்தது என்று அவரும் நானும் மட்டும் அறிவோம்.

அன்று மாலை வீட்டில் அம்மா தன் கூலிச் சீட்டை என்னிடம் நீட்டினாள். படித்துச் சொன்னேன். வேலை நாள் இத்தனை, அதற்குக் கீழே வார விடுமுறை நான்கு.

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

"நாலா?"

"நாலும்மா."

சீட்டை மடித்து, விழாவில் கொடுத்த யாதகிரி அண்ணாவின் படத்துக்குப் பின்னால் செருகினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் அந்த ரூம்லதானடி இருந்த? எங்களுக்கோசரம் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாது?"

"என் வேலை எழுதறதும்மா."

"ஹவ், நீ எழுதறவ. பேசினவரு அவரு."

அபிஷேக் சாரின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவர் இப்போது எந்த மாநிலத்தில் எந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சார் கற்றுக்கொடுத்த விதிகளில் ஒன்று. சம்பளம் வாங்குகிறவரை அதை மீற எனக்கு மனமில்லை. அதனால் வலியுறுத்தவில்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றவள். ஸ்வப்னா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது, குக்கர் விஷயத்தை மட்டும் எடுத்துவிடு. மலர் அச்சாகி வந்ததும் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். யாதகிரி அண்ணாவின் படம் சுவரில் இருக்கும்போதே, அதற்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் அவள் வீட்டில் இருப்பாள்.